ஏற்காட்டுல இருந்து அக்னி தெரியுமா? ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது பத்தி ஒரு இழை

2 ஜனவரி 2025, இரவு 9:10 (கேள்வி)

அண்ணா வணக்கம். நாங்க ஏற்காடு நாகலூர் பக்கம். 30ஆம் தேதி ராத்திரி பத்து மணி சுமாருக்கு பகோடா பாயிண்ட் கிட்ட நின்னு பேசிட்டு இருந்தப்ப வடகிழக்குல ஆரஞ்சு கலர்ல ஒரு வெளிச்சம் கிளம்பி மேல ஏறி அப்படியே வலது கைப்பக்கமா சாய்ஞ்சு போச்சு, ரெண்டு நிமிஷம் இருந்தா அதிகம். மறுநாள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புல அது அக்னி ஏவுகணை, வெளிய சொல்லாம ரகசியமா விட்டுட்டாங்கன்னு ஒருத்தர் ஆடியோ போட்டிருந்தார். நிஜமா? இங்கிருந்து அக்னி தெரியுமா? நீங்க சோதனைக்கு முன்னாடியே தேதி சொல்றீங்களே, அது எப்படி?

2 ஜனவரி, இரவு 11:25

தம்பி, நீங்க பாத்தது இஸ்ரோவோட பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட். ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள் ரெண்டையும் ஏத்திட்டுப் போனது. முதல்ல 9:58னு சொல்லி, அப்புறம் ரெண்டு நிமிஷம் தள்ளி வச்சு, சரியா 10 மணி 15 செகண்டுக்கு ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கிளம்புச்சு. தென்கிழக்கா போற ராக்கெட், அதனால வடகிழக்கைப் பாத்து நிக்கறவங்களுக்கு வலது பக்கமா சாயும். ரெண்டு நிமிஷத்துல மறைஞ்சதும் கணக்குக்கு ஒத்து வருது, ஏன்னா அதோட முதல் கட்டம் திட எரிபொருள், அது எரியற வரைக்கும் தான் இவ்வளவு தூரத்துக்கு பளிச்சுனு தெரியும். நானும் அன்னைக்கு சேலத்துல மொட்டை மாடியில நின்னேன், தெரு லைட்டு வெளிச்சத்துக்கு நடுவுலயே தெரிஞ்சுது.

அக்னி தெரியுமாங்கறதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. தூரத்தை கிலோமீட்டர்ல எடுத்து அதை அதாலயே பெருக்கி 12,742ஆல வகுங்க, அது பூமியோட விட்டம். வர்ற விடை தான் அந்த ராக்கெட் நம்ம அடிவானத்தைத் தாண்டணும்னா எத்தனை கிலோமீட்டர் உயரம் ஏறணும்ங்கறது. ஏற்காட்டுல இருந்து ஸ்ரீஹரிகோட்டா சுமார் 300 கி.மீ, விடை 7 வரும், மலை உச்சியில நின்னா அதுக்கும் குறைவு. ஒடிசாவுல இருக்கற அப்துல் கலாம் தீவு (பழைய வீலர் தீவு) கிட்டத்தட்ட 1,400 கி.மீ, அப்ப 150 கி.மீக்கு மேல ஏறணும். அக்னி-5 அதையெல்லாம் தாண்டித் தான் போகும், ஆனா அந்த உயரத்துக்கு வரும்போது எரிபொருள் முடியற நேரம், அதுக்கப்புறம் போறது நெருப்பே இல்லாத ஒரு கூம்பு. சாயங்காலம் நமக்கு இருட்டி மேல மட்டும் வெயில் படற நேரத்துல விட்டா புகை மினுங்கறதுக்கு வாய்ப்பு இருக்கு. 2022 டிசம்பர் 15 சாயங்காலம் அக்னி-5 விட்டப்ப கல்கத்தாவுல ஜனங்க ரோட்டுல நின்னு போட்டோ எடுத்தாங்களே, அது இதே தான். கல்கத்தாவுக்கு அந்தத் தீவு 250 கி.மீ கூட இல்ல. நமக்கு அந்த அதிர்ஷ்டம் ரொம்ப அபூர்வம்.

முன்னாடியே எப்படித் தெரியும்ங்கறதை நாளைக்கு எழுதறேன், அது நீளம்.

3 ஜனவரி, இரவு 10:50

ரகசியமா விட்டாங்கன்னு ஆடியோ போட்டவர்கிட்ட நான் சொல்ல விரும்பறது இதுதான்: கடலுக்கு மேல ஏவுகணையை ரகசியமா விடறது நடைமுறையில ரொம்ப கஷ்டம். வங்கக்கடல்ல கப்பல் போயிட்டு இருக்கு, சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கு பிளேன் போயிட்டு இருக்கு, மீன்பிடிக்கறவங்க இருக்காங்க. எரிஞ்ச கட்டம் ஒவ்வொண்ணா கழண்டு விழும். அதனால சில நாள் முன்னாடியே ரெண்டு அறிவிப்பு வரும். விமானிகளுக்கு நோட்டாம், கப்பல்களுக்கு கடல் எச்சரிக்கை. உலகக் கடலை மொத்தமா பங்கு போட்டு வச்சிருக்காங்க, நம்ம பக்கம் நாவ்ஏரியா எட்டு, அதைப் பாத்துக்கறது டேராடூன்ல இருக்கற நம்ம கடற்படையோட நீரியல் அலுவலகம். மலையடிவாரத்துல உக்காந்து கடலுக்கு எச்சரிக்கை விடறாங்க. ரெண்டு அறிவிப்பும் பொது, யார் வேணா படிக்கலாம்.

எனக்கு இதைக் கத்துக் குடுத்தது எங்க சித்தப்பா. சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசரா இருந்தவர், கடல் வரைபடத்தைத் திருத்தி வைக்கறது அந்த ஆபீசரோட வேலை. லீவுக்கு சேலம் வரும்போது பழைய நாவ்டெக்ஸ் (கப்பலுக்கு ரேடியோவுல வர்ற எச்சரிக்கை) பேப்பர் சுருளைக் கொண்டு வருவார். பில்லு போடற மெஷின் பேப்பர் மாதிரி குறுகலா இருக்கும், வழவழன்னு, வெயில்ல வச்சா எழுத்து மங்கிரும். 518 கிலோஹெர்ட்ஸ்ல வர்ற செய்தியை அந்த மெஷின் தானா அடிச்சுத் தள்ளும். அதுல நம்ம பாதைக்கு சம்பந்தம் உள்ளதை மட்டும் கிழிச்சு எடுத்து, ஓரத்துல கையெழுத்து போட்டு, நாலு புள்ளியையும் மேப்புல பென்சிலால குறிச்சு கோடு இழுத்து, பக்கத்துல தேதி எழுதணும். மை தொடக்கூடாதுன்னு சொல்லுவார், ஏன்னா தேதி முடிஞ்சதும் அழிக்கணும். எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில மேப்பை விரிச்சு அந்தக் கோடு போடறதை நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே பாத்திருக்கேன்.

இப்ப நான் பண்றதும் அதே வேலை, கம்ப்யூட்டர்ல. கடையைச் சாத்திட்டு வந்து ராத்திரி உக்காருவேன். நாலஞ்சு புள்ளியைச் சேர்த்தா ஒரு வடிவம் வரும், அந்த வடிவம் பேசும். கரையில ஒடுங்கலா ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீளமா விரிஞ்சுட்டுப் போனா அது தொலைதூர ஏவுகணை. கரையை ஒட்டி சின்னக் கட்டமா இருந்தா வான்பாதுகாப்பு ஏவுகணையா இருக்கலாம், குறைஞ்ச தூரம் போறதா இருக்கலாம். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துல ஒரு வட்டம், அப்புறம் ரொம்பத் தள்ளி தனித்தனிக் கட்டம்னா செயற்கைக்கோள் ராக்கெட், அந்தக் கட்டங்கள்ல தான் கழண்ட பாகங்கள் விழும். வானத்துல ‘தரையில இருந்து வரம்பில்லாத உயரம் வரை’ன்னு போட்டிருப்பாங்க, அதைப் பாத்ததும் எனக்கு இன்னும் ஒரு சிலிர்ப்பு வரும்.

4 ஜனவரி, காலை 7:15

நேரத்தை மாத்தத் தெரியலன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. நோட்டாம்ல பத்து இலக்கம் சேர்த்து இருக்கும். உதாரணத்துக்கு 2501100330னு இருந்தா 2025, முதல் மாசம், 10ஆம் தேதி, 03:30. அது உலக நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டுங்க, காலை 9 மணி. இவ்வளவு தான்.

7 ஜனவரி, இரவு 11:40

நேத்து வட கொரியா ஒண்ணு விட்டிருக்கு. பியோங்யாங் பக்கத்துல இருந்து கிழக்கு கடலுக்கு. இன்னைக்கு அவங்க அரசு செய்தி என்ன சொல்லுதுன்னா, ஹைப்பர்சோனிக் ஏவுகணை, முதல்ல 99.8 கி.மீ உயரம், அப்புறம் இறங்கி மறுபடி ஏறினப்ப 42.5 கி.மீ, மொத்தம் 1,500 கி.மீ தூரம். தென் கொரிய ராணுவம் சுமார் 1,100 கி.மீ தான்னு சொல்லுது. ஒரே ஏவுகணை, 400 கி.மீ வித்தியாசம். பூமி வளைவுக்குக் கீழ போயிட்டா தரையில இருக்கற ரேடாருக்குத் தெரியாது, அதே சமயம் விட்டவங்க கூட்டிச் சொல்றதுக்கும் காரணம் இருக்கு. நான் ரெண்டு நம்பரையும் எழுதி, எதிர்ல யார் சொன்னதுன்னும் எழுதி வச்சிட்டேன். நடுவுல 1,300னு சராசரி போடறவங்களைப் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க, அந்த 1,300ஐ யாருமே அளக்கல.

வட கொரியா முன்கூட்டியே அறிவிப்பு குடுக்கறது பெரும்பாலும் செயற்கைக்கோள் ஏவும்போது தான். ஏவுகணைக்கு வராது. ஜப்பான் மீனவங்க கடல்ல இருக்கும்போதே ரேடியோவுல எச்சரிக்கை கேக்கற நிலைமை. இதை வெறும் நம்பரா எழுதிட்டுப் போக எனக்கு மனசு வரல.

9 ஜனவரி, இரவு 10:05

‘வட கொரியா ஏவுகணை ஆயிரக்கணக்கான கி.மீ உயரம் போகுது, ஆனா தூரம் ஆயிரம் தான், அப்ப அது சின்ன ஏவுகணை தானே’ன்னு சூரமங்கலத்துல இருந்து ஒரு நண்பர். இல்லீங்க. அவங்களுக்குக் கிழக்குப் பக்கம் ஜப்பான், அதனால செங்குத்தா விடறாங்க. 2017 நவம்பர் 29 ஹ்வாசாங்-15 சுமார் 4,475 கி.மீ உயரம் போய் 950 கி.மீ தள்ளி விழுந்துச்சு, 53 நிமிஷம் பறந்துச்சு. போன அக்டோபர் 31 ஹ்வாசாங்-19, அவங்க சொன்ன கணக்குல 7,687 கி.மீ உயரம், 85 நிமிஷத்துக்கு மேல. நம்ம தலைக்கு மேல சர்வதேச விண்வெளி நிலையம் 400 கி.மீ சுமாருல சுத்துது, அதைவிட பத்தொன்பது மடங்கு உயரம் போனது கூட சுத்துப்பாதைக்குப் போகாம திரும்பி விழுந்துரும். உயரம் வேற, பக்கவாட்டு வேகம் வேற. சுத்தணும்னா நொடிக்கு கிட்டத்தட்ட 7.8 கி.மீ பக்கவாட்டுல வேணும்.

7ஆம் தேதி எழுதுன 99.8 கி.மீ பத்தி இன்னும் யோசிச்சுட்டே இருக்கேன். சர்வதேச வானூர்தி சம்மேளனத்தோட கணக்குல விண்வெளி 100 கி.மீல ஆரம்பிக்குது, அப்ப இது 200 மீட்டர்ல தவறிடுது. ஏவுதல்களுக்குப் பட்டியல் வச்சிருக்கற ஜொனாதன் மெக்டவல் 2018ல ஒரு கட்டுரை எழுதி எல்லையை 80 கி.மீ கிட்ட வைக்கணும்னு வாதாடினார். அந்த உயரத்துல கீழ்ப்புள்ளி இருக்கற நீள்வட்டப் பாதையில கூட செயற்கைக்கோள் சில சுத்து தாக்குப் பிடிக்குதுங்கறது அவர் காட்டுன ஆதாரம். அவர் கணக்கு தான் எனக்கு நியாயமா படுது, மேல போய்த் திரும்பி விழற ஏவுதல்களுக்கு நான் வச்சிருக்கற பட்டியல்லயும் எல்லை 80 தான். இல்லன்னா நம்ம விக்ரம்-எஸ் கூட உள்ள வராது. 2022 நவம்பர் 18 ஸ்ரீஹரிகோட்டாவுல ஸ்கைரூட் விட்டது, 89.5 கி.மீ. இந்தியாவுல தனியார் கம்பெனி ஒண்ணு விண்வெளிக்கு அனுப்புன முதல் ராக்கெட்டை ஒரு கோட்டைச் சொல்லி வெளிய நிறுத்த எனக்கு மனசு இல்ல.

இன்னொண்ணு. இந்த மாதிரி மேல போய்த் திரும்பி விழறதுன்னாலே ஏவுகணை தான்னு எல்லாரும் எழுதறீங்க. கேரளத்துத் தும்பாவை மறந்துட்டீங்களே! 1963 நவம்பர் 21 அங்க இருந்து கிளம்புன நைக்-அப்பாச்சி நம்ம நாட்டு மண்ணுல இருந்து போன முதல் ஆராய்ச்சி ராக்கெட். சாயங்காலம் வானத்துல சோடியம் ஆவியைக் கக்கிட்டுப் போச்சு, கேரளத்துல ஜனங்க அந்த ஆரஞ்சுக் கோட்டை வெறுங்கண்ணுல பாத்தாங்க. பூமியோட காந்த நடுக்கோடு அந்தப் பக்கமா போறதால தான் அந்தக் கடலோர கிராமத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆர்எச்-200ங்கற சின்ன ஆராய்ச்சி ராக்கெட் மட்டும் 1,600 தடவைக்கு மேல போயிருக்கு, 2022 நவம்பர் 23 தும்பாவுல இருந்து விட்டது வரிசையா ஜெயிச்ச 200ஆவது. பருவமழை படிக்கற விஞ்ஞானிகளுக்கு மேல் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொன்ன ராக்கெட் அது. பேப்பர்ல ஒரு பத்தி கூட வராம போயிட்டு வந்தது எத்தனையோ.

18 ஜனவரி, மதியம் 2:30

காணும் பொங்கல் முடிஞ்சு மறுநாள் விடிகாலை 4:07க்கு ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட ஸ்டார்ஷிப் ராக்கெட் ஏழாவது பறத்தல். கீழ்க்கட்டத்தை அழகா புடிச்சிட்டாங்க, மேல்கட்டம் வெடிச்சு துண்டு துண்டா டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளுக்கு மேல நெருப்பு மழை மாதிரி போச்சு. வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. அதைவிட எனக்கு முக்கியமா பட்டது, அந்த நேரத்துல அந்தப் பக்கம் வந்த பிளேன்களை வட்டமடிக்க வச்சு, வேற ஊருக்குத் திருப்பி விட்டது. முன்கூட்டியே மூடுன பகுதி ஒண்ணு, ஏதாவது உடைஞ்சா உடனே மூடறதுக்குன்னு தயாரா வச்சிருந்த பகுதி இன்னொண்ணு. ரெண்டாவதை நிஜமாவே பயன்படுத்த வேண்டி வந்துச்சு.

இதை மேல போய்த் திரும்பி விழற பட்டியல்ல வைக்கலாமான்னு கேள்வி வந்திருக்கு. ஒரு முழுச் சுத்து முடியறதுக்கு முன்னாடியே இந்தியப் பெருங்கடல்ல விழற மாதிரி தான் திட்டம் போட்டிருந்தாங்க, அதனால வைக்கலாம், ஆனா தனிக் குறிப்போட.

25 ஜனவரி, இரவு 11:55

இன்னைக்கு சரியா முப்பது வருஷம். 1995 ஜனவரி 25, நார்வேயில ஆண்டோயாங்கற இடத்துல இருந்து விஞ்ஞானிகள் பிளாக் பிராண்ட் 12னு ஒரு ஆராய்ச்சி ராக்கெட் விட்டாங்க. வடதுருவ ஒளியைப் படிக்கறதுக்கு. நாலு கட்ட ராக்கெட், 1,450 கி.மீ வரைக்கும் ஏறுச்சு. ரஷ்யாவோட எச்சரிக்கை ரேடார் அதைப் பாத்துட்டு, நீர்மூழ்கியில இருந்து கிளம்புன அமெரிக்க டிரைடென்ட் ஏவுகணையா இருக்கும்னு நினைச்சுச்சு. அப்ப ரஷ்ய அதிபரா இருந்த எல்ட்சின் கைக்கு, அணு ஆயுதத்தை ஏவ உத்தரவு குடுக்கற பெட்டி போச்சு. ராக்கெட் ரஷ்யா பக்கம் வரலன்னு தெரியற வரைக்கும் அந்தச் சில நிமிஷம் அந்தப் பெட்டி திறந்து இருந்துச்சு. ராக்கெட் கிளம்பி 24 நிமிஷத்துல ஆர்க்டிக்ல இருக்கற ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு பக்கத்துல போய் விழுந்துச்சு.

இதுல என்னைத் தூங்க விடாத விஷயம், நார்வே முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க. ரஷ்யா உட்பட முப்பது நாட்டுக்கு அறிவிப்பு போச்சு. மாஸ்கோவுக்கு வந்த அந்தக் காகிதம் ரேடார்ல உக்காந்திருந்த ஆளுக்குப் போய்ச் சேரல. அவ்வளவு தான் கோளாறு. ஒரு மேஜையில இருந்து இன்னொரு மேஜைக்கு.

நான் ஏன் இந்த நோட்டாமையே கட்டிட்டு அழறேன்னு 12ஆம் தேதி ஒருத்தர் கேட்டார், பதில் இது தான். அறிவிப்பு குடுக்கறதோட வேலை முடியல, அதைப் படிக்கறதுக்கு ஆள் இருக்கணும். எத்தனை பேர் படிக்கறாங்களோ அத்தனை நல்லது. நான் படிக்கறதால ஒரு போர் நிக்கும்னு சொல்ல வரல, ஆனா அந்த ஆடியோ மாதிரி ஒண்ணு ஊருக்குள்ள சுத்தும்போது ‘இல்லப்பா, இது இன்ன ராக்கெட், அறிவிப்பு இதோ’ன்னு காட்ட ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ஆள் இருந்தா எவ்வளவு பயம் குறையும்?

26 ஜனவரி, காலை 11:20

நேத்து எழுதுனதோட சேர்த்துப் படிங்க. நமக்கும் பாகிஸ்தானுக்கும் இதுக்குன்னே ஒரு ஒப்பந்தம் இருக்கு, 2005 அக்டோபர் 3 கையெழுத்தானது. நிலத்துல இருந்து நிலத்துக்கோ, கடல்ல இருந்தோ விடற பாலிஸ்டிக் ஏவுகணை (மேல போய்த் திரும்பி விழறது) எதுவா இருந்தாலும் குறைஞ்சது மூணு நாள் முன்னாடி சொல்லணும். ஏவற இடம் எல்லையில இருந்து 40 கி.மீக்குள்ள இருக்கக்கூடாது, விழற இடம் 75 கி.மீக்குள்ள இருக்கக்கூடாது. உறவு எவ்வளவு கெட்டுப் போனாலும் இந்த மாதிரி ஒப்பந்தத்தை ரெண்டு பக்கமும் விட்டுடக்கூடாதுங்கறது என் ஆசை. விமானம் மாதிரி பறந்து போற குரூஸ் ஏவுகணை இதுல வராது, அது ஒரு பெரிய ஓட்டை.

நோட்டாம்ல வராத இன்னொரு கூட்டம் இருக்கு. ஒடிசாவுல இருக்கற சாந்திப்பூர் சோதனைத் தளத்துல சோதனை நடக்கும்போது சுத்தியிருக்கற கிராமத்து ஜனங்களை அன்னைக்கு ஒரு நாள் வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் வச்சிருப்பாங்க. போன வருஷம் ஜூலை 24 நடந்த, வர்ற ஏவுகணையை மறிச்சு அடிக்கற எதிர்ப்பு ஏவுகணையோட சோதனைக்கு பத்து கிராமத்துல இருந்து பத்தாயிரம் பேருக்கு மேல கிளப்புனாங்க. நஷ்ட ஈடு குடுப்பாங்க, சாப்பாடு போடுவாங்க. ஆனாலும் ஆடு மாட்டை அவுத்துட்டு, வயசானவங்களைத் தூக்கிட்டு ஸ்கூல் கட்டடத்துல போய் உக்காந்து வரணும். வெற்றிச் செய்தியில அவங்களுக்கு ஒரு வரி கிடைக்கணும்.

29 ஜனவரி, காலை 9:30

காலையில 6:23க்கு ஜிஎஸ்எல்வி-எஃப்15, ஸ்ரீஹரிகோட்டாவோட நூறாவது ஏவுதல். நாலரைக்கே வண்டியை எடுத்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசியும் ஏறிப் போனா மேல பத்தடி தூரத்துல நிக்கற ஆள் தெரியல, அவ்வளவு மூட்டம். கீழ சேலத்துல இருந்தவங்க யாராவது பாத்தீங்களா? பாத்திருந்தா எந்தத் திசை, விரல் நீட்டிப் பிடிச்சா அடிவானத்துல இருந்து எத்தனை விரக்கடை உயரம்னு எழுதுங்க.

குலசேகரப்பட்டினம் பத்தி கேட்டவருக்கு: போன வருஷம் பிப்ரவரி 28 அடிக்கல் நாட்டுன ஏவுதளம் தானே, ஏற்காட்டுக்கு நேர் தெற்கு, சுமார் 375 கி.மீ. மேல சொன்ன கணக்குப்படி 11 கி.மீ ஏறினா போதும். அங்க இருந்து ராக்கெட் இலங்கையைச் சுத்தி வளையாம நேரா தெற்கே போகலாம், அதுக்காகத் தான் அந்த இடமே.

9 பிப்ரவரி, இரவு 10:30

அம்மாபேட்டையில இருந்து காலேஜ் படிக்கற பொண்ணு ஒண்ணு தனியா எழுதியிருந்துச்சு, சொந்தமா பதிவேடு ஆரம்பிக்கப் போகுதாம். எனக்கு ரொம்ப சந்தோஷம். அந்தப் பாப்பாவுக்குச் சொன்னதை இங்கயும் போடறேன்.

நோட்டாம் வந்துச்சுங்கறது ஒரு பதிவு, ஏவுனாங்கங்கறது வேற பதிவு, ரெண்டையும் ஒரே கட்டத்துல எழுதாதீங்க. 2022 நவம்பர்ல வங்கக்கடலுக்கு அறிவிப்பு வந்துச்சு, அதே வாரத்துல சீனாவோட யுவான் வாங்-6 கப்பல் இந்தியப் பெருங்கடலுக்குள்ள வந்துச்சு, ஏவுகணைகளைப் பின்தொடர்ந்து அளக்கற கப்பல். அந்தத் தேதியில சோதனை நடக்கல. அக்னி-5 போனது டிசம்பர் 15. அதே வருஷம் மார்ச்ல அமெரிக்கா மினிட்மேன்ங்கற தொலைதூர ஏவுகணையோட சோதனையை முதல்ல தள்ளி வச்சு அப்புறம் ரத்தே பண்ணுச்சு, உக்ரைன் போர் ஆரம்பிச்ச நேரம், ரஷ்யா தப்பா எடுத்துக்கக்கூடாதுன்னு. இப்படி நடக்காமப் போனதுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க. நாளைக்கு யாராவது திருப்பிப் பாக்கும்போது ஒரு நாடு எப்ப கையைக் கட்டிட்டு நின்னுச்சுங்கறது அதுல தான் தெரியும்.

நம்பர் எழுதும்போது யார் சொன்னதுன்னு எழுதுங்க. வாட்ஸ்அப்ல வந்ததை எழுதாதீங்க. ரோட்டுலயோ ரயில்லயோ ராணுவ வண்டி போறதைப் பாத்தா போட்டோ எடுத்துப் போடாதீங்க, அது நம்ம வேலை இல்ல, நாம படிக்கறது அவங்களே ஊருக்குச் சொன்னதை மட்டும் தான்.

நேரம் எல்லாத்தையும் உலக நேரத்துலயே எழுதி வைங்க, நம்ம நேரம் பக்கத்துல தனியா. முதல் மாசத்து ஃபைலை இங்க போடுங்க, நான் வரிவரியா ஒத்துப் பாத்துத் தர்றேன்.